ஒரு விசை பழுதானால் முழுப் பலகையையும் எறிய வேண்டாம்

ஆசிரியர் அவர்கட்கு,

மெக்கானிக்கல் விசைப்பலகையில் ஒரேயொரு எழுத்து விழாமல் போனதும் முழுப் பலகையையும் ஒதுக்கிவிட்டுப் புதிது வாங்கும் வழக்கம் கொழும்பில் பெருகிவிட்டது. தட்டச்சு நிலையங்களிலும் அச்சகங்களிலும் வீட்டிலிருந்து வேலை செய்வோரின் மேசைகளிலும் இதைக் காண்கிறோம். 2022 இல் ரூபாவின் பெறுமதி சரிந்த பிறகு நல்ல பலகை ஒன்றை வாங்குவது சாதாரணக் குடும்பத்துக்குச் சுமையான செலவு. உள்ளே இருக்கும் சுவிட்ச் ஒன்றின் விலையோ அதில் மிகச் சிறு பகுதிதான். ஒவ்வொரு விசையின் கீழும் தனித்தனியாக மாற்றக்கூடிய சுவிட்ச் இருப்பதே இந்த வகைப் பலகையின் சிறப்பு. அதற்காகத்தான் சாதாரண ரப்பர்ப் பலகையைவிடக் கூடுதலாகப் பணம் கொடுத்து வாங்குகிறோம். இந்த வேலையை முதன்முறையாகச் செய்யப்போகும் வாசகர்களுக்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். நீளத்தைப் பொறுத்துப் பிரசுரிக்குமாறு வேண்டுகிறோம்.

தமிழில் தட்டச்சுச் செய்வோருக்கு இந்தப் பிரச்சினை முன்கூட்டியே வருகிறது. பாமினி முறையில் மெய்யெழுத்தின் புள்ளி, ஆங்கில அரைப்புள்ளி விசையில் இருக்கிறது. ஆங்கிலத்தில் எப்போதாவது தொடும் அந்த விசையைத் தமிழில் ஏறத்தாழ ஒவ்வொரு சொல்லுக்கும் அடிக்கிறோம். அடிப்பதும் வலது சுண்டுவிரல். அது பெரும்பாலும் விசையின் நடுவில் படாமல் ஓரத்தில் சாய்ந்தே படும். அதனால் மற்ற விசைகள் புதிதுபோல இருக்கும்போதே அந்த ஒன்று தளர்ந்துவிடுகிறது. கால் குறி இருக்கும் எச் விசையும் அதிகம் உழைக்கிறது. தமிழ்99 பாவிப்போருக்குப் புள்ளி எஃப் விசையில் இருப்பதால் அங்கே அதைக் கவனிக்க வேண்டும்.

பழுது நான்கு விதமாக வெளிப்படும். எழுத்து விழவே விழாது; ஊன்றி அழுத்தினால் மட்டும் விழும்; ஒரு தடவை அடிக்க இரண்டு விழும்; அல்லது விசை கீழே போய் மேலே வராது. இவற்றில் இரட்டிப்பாக விழுவதைத்தான் பலர் மென்பொருள் கோளாறு என்று நினைத்து விண்டோஸைக் கூடத் திரும்பப் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் சுவிட்சின் உள்ளே இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் இருக்கின்றன. விசையை அழுத்தும்போது அவை தொடுகின்றன. தொடும் கணத்தில் சற்றுத் துள்ளவும் செய்கின்றன. நல்ல சுவிட்சில் இந்தத் துள்ளல் 5 மில்லிசெக்கனுக்குள் அடங்கிவிடும். பலகையின் கட்டுப்பாட்டுச் சிப் அந்தச் சிறு நேரத்தைப் பொறுத்திருந்து ஒரே அழுத்தமாக எடுத்துக்கொள்ளும். தகட்டில் அழுக்கோ துருவோ படிந்தால் துள்ளல் நீள்கிறது. சிப் அதை இரண்டு அழுத்தமாக எண்ணிவிடுகிறது. யுனிக்கோட்டில் புள்ளி இப்படி இரட்டித்தால் இரண்டாவது புள்ளி ஒரு புள்ளிவட்டத்தின் மேல் தனியாக நிற்பதைக் காணலாம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து இதை விரைவுபடுத்துகின்றன. தொடுமுனையில் பொன்முலாம் உள்ள சுவிட்சுகள் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும்.

கருவியைக் கையில் எடுக்குமுன் பழுது சுவிட்சில்தானா என்று உறுதிசெய்ய வேண்டும். இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதிப்பவர்களே நல்ல சுவிட்சைக் கழற்றிப் பலகையையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

முதலில் பலகையை வேறொரு கணினியில் வேறொரு கேபிளால் இணைத்துப் பாருங்கள். பிறகு விண்டோஸில் ஃபில்டர் கீஸ் (குறுகிய, திரும்பத் திரும்ப வரும் அழுத்தங்களைப் புறக்கணிக்கும் வசதி) தற்செயலாக இயங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலது ஷிப்டை 8 செக்கன் அழுத்திப் பிடித்தால் அதை இயக்கவா என்று கேட்கும்; கவனியாமல் என்ரர் அடித்தவர்களுக்கு விசைகள் எல்லாம் மந்தமாகிவிடும். விண்டோஸ் விசை மட்டும் வேலைசெய்யாவிட்டால், அது விளையாட்டுக்காகப் பூட்டப்பட்டிருக்கும். பல பலகைகளில் எஃப்என் விசையோடு விண்டோஸ் விசையை அழுத்தத் திறக்கும்.

அடுத்து, அக்கம்பக்கத்து விசைகளைப் பாருங்கள். 104 விசைக்கும் 104 கம்பி சிப்புக்குப் போவதில்லை. விசைகள் வரிசையும் நிரலுமாகப் பின்னப்பட்டிருக்கும். 6 வரிசை, 18 நிரல் என்றால் 24 கம்பியோடு வேலை முடிந்துவிடும். எனவே ஒரே நேரத்தில் ஒரு கிடையிலோ, மேலிருந்து கீழாகவோ பல விசைகள் செத்திருந்தால் பழுது உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையின் செப்புத் தடத்திலோ சிப்பிலோ இருக்கிறது. சுவிட்ச் மாற்றிப் பயனில்லை. தனியொரு விசை மட்டும் செத்திருந்தால் சுவிட்ச், அதன் ஈயப் பிடிப்பு, அதனோடு தொடராக இருக்கும் சிறு டயோட் (மின்னை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு) ஆகிய மூன்றில் ஒன்று.

பழுது சுவிட்ச் பக்கத்திலா டயோட் பக்கத்திலா என்று பிரித்தறிய நம்பகமான சோதனை ஒன்று உண்டு. பலகையைக் கணினியில் இணைத்தபடி, எழுத்துப் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, சுவிட்சின் இரண்டு உலோகக் கால்கள் தொடும் இடங்களைச் சிறு இடுக்கியால் ஒரு கணம் இணையுங்கள். சுவிட்சுகள் செருகி மட்டும் இருக்கும் பலகையென்றால் சுவிட்சை எடுத்துவிட்டு இரண்டு துளைக்குள்ளும் தெரியும் உலோகத்தைத் தொடலாம். சுவிட்சுகள் ஈயத்தால் பிடிக்கப்பட்ட பலகையென்றால் பின்பக்கத்திலுள்ள இரண்டு ஈயப் புள்ளிகளைத் தொட வேண்டும். யூஎஸ்பி வழியாக வருவது 5 வோல்ற்று மட்டுமே என்பதால் கைக்கு ஆபத்தில்லை. ஆனால் இடுக்கி பக்கத்துப் புள்ளிகளில் படக்கூடாது. எழுத்து விழுந்தால் பலகை நலம், சுவிட்சோ அதன் ஈயப் பிடிப்போதான் கெட்டது. விழாவிட்டால் சுவிட்சை விட்டுவிட்டு டயோட்டையும் தடத்தையும் பாருங்கள். பல்மானி (மல்டிமீற்றர்) வைத்திருப்பவர்கள் அதைத் தொடர்ச்சி ஒலிக்கும் நிலையில் வைத்து இரண்டு காலிலும் பிடித்து விசையை மெதுவாக அழுத்தினால், ஏறத்தாழப் பாதித் தூரத்தில் ஒலி எழ வேண்டும். ஒலி விட்டுவிட்டு வந்தால் தகடு கெட்டுவிட்டது.

இரட்டிப்பாக விழும் சுவிட்சை மாற்றுவதற்கு முன் ஒரு தடவை சுத்தம் செய்து பார்ப்பதும் நல்லது. 99 வீத ஐசோபுரோபைல் அற்ககோலை இரண்டு சொட்டு, விசையை அழுத்திப் பிடித்தபடி, சுவிட்சின் நடுவில் மேலும் கீழும் அசையும் தண்டின் ஓரத்தால் விட்டு, ஐம்பது அறுபது தடவை வேகமாக அழுத்துங்கள். ஓரிரு மணி நேரம் உலர விட்டுச் சோதிக்கலாம். பாதித் தடவை இது கிழமைக்கணக்கில்தான் நிற்கும். ஆனாலும் புதிய சுவிட்ச் கைக்கு வரும்வரை வேலை நடக்கும். தேங்காயெண்ணெயோ தையல் இயந்திர எண்ணெயோ துருநீக்கி ஸ்பிரேயோ எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். எண்ணெய்ப் படலம் தகடுகளுக்கு நடுவே நின்று தொடுகையை இன்னும் கெடுக்கும்; தூசியையும் பிடித்துவைக்கும்.

தேநீர் கொட்டிய பலகையின் கதை வேறு. சீனியும் பாலும் சேர்ந்த தேநீர் ஒரு சுவிட்சோடு நிற்பதில்லை. உடனே கேபிளைக் கழற்றிக் கவிழ்த்து வைத்து, பலகையைத் திறந்து அற்ககோலால் கழுவி நன்கு உலர்த்த வேண்டும். கழுவாமல் ஒரு சுவிட்சை மட்டும் மாற்றினால் அடுத்த மாதம் பக்கத்து விசை போகும்.

இனி, உங்கள் பலகை எந்த இனம் என்று தெரிய வேண்டும். ஹொட்ஸ்வொப் எனப்படும் வகையில் சுவிட்சுகள் சொக்கெட்டில் செருகப்பட்டிருக்கும், ஈயம் தேவையில்லை. மற்றதில் ஒவ்வொரு சுவிட்சும் உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையோடு ஈயத்தால் பிடிக்கப்பட்டிருக்கும். பெட்டியில் எழுதாவிட்டால், சந்தேகத்தோடு இழுத்துப் பார்க்க வேண்டாம். ஈயம் வைத்த சுவிட்சைப் பலமாக இழுத்தால் பலகையின் செப்புத் திட்டு பெயர்ந்து வந்துவிடும். பின்மூடியைத் திறந்து பாருங்கள். சுவிட்சுக்கு இரண்டு பளபளப்பான ஈயப் புள்ளி தெரிந்தால் ஈயம் வைத்தது; ஒவ்வொரு இடத்திலும் சிறு பிளாஸ்டிக் கட்டியும் அதன் இரு முனையில் உலோகத் தகடும் தெரிந்தால் ஹொட்ஸ்வொப். ஒளியால் இயங்கும் ஒப்டிக்கல் பலகைகளும், காந்தத்தால் இயங்கும் பலகைகளும் உண்டு. அவற்றின் சுவிட்சில் மின் தொடுகை கிடையாது. சாதாரண சுவிட்ச் அவற்றில் உருவத்தால் பொருந்தினாலும் வேலைசெய்யாது.

சுவிட்ச் வாங்கும்போது பார்க்க வேண்டியவை நான்கு. ஜேர்மனியின் செரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ் வடிவமே இன்று பொதுவானது. கேட்டரோன், கைல், அவுட்டெமு முதலியவை அதே வடிவத்தையே பின்பற்றுகின்றன. தண்டின் தலை கூட்டல் குறிபோல இருக்கும், விசைகளுக்குக் கீழுள்ள பெரிய தகட்டில் சுவிட்ச் உட்காரும் துளை 14 மில்லிமீற்றர் சதுரம். உயரம் குறைந்த பலகைகளின் சுவிட்ச் இதோடு பொருந்தாது. அடுத்தது கால்கள். நடுவில் தடித்த பிளாஸ்டிக் கால் ஒன்றும் உலோகக் கால் இரண்டும் உள்ளது மூன்று கால் சுவிட்ச். பக்கங்களில் இன்னும் இரண்டு பிளாஸ்டிக் கால்கள் இருந்தால் ஐந்து கால். மூன்று கால் துளையுள்ள பலகைக்கு ஐந்து கால் சுவிட்சே கிடைத்தால், அந்தப் பக்கத்துப் பிளாஸ்டிக் கால்களை நகவெட்டியால் அடியோடு வெட்டிவிட்டுப் பாவிக்கலாம். மூன்றாவது அவுட்டெமு விடயம். விலை குறைந்த சில ஹொட்ஸ்வொப் பலகைகளின் சொக்கெட் அவுட்டெமுவின் ஒடுங்கிய கால்களுக்கென்றே செய்யப்பட்டது. வேறு சுவிட்சைத் திணித்தால் கால் மடியும், சொக்கெட் விரிந்து பழைய சுவிட்சும் பிறகு தொடாது. பழைய சுவிட்சைக் கழற்றிக் கையில் கொண்டுபோய், கடையில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குவதே பாதுகாப்பு.

நான்காவது தொடுவுணர்வு. செரியின் சிவப்பு தடையில்லாமல் நேரே இறங்கும். இயங்க ஏறத்தாழ 45 கிராம் அழுத்தம் போதும். மண்ணிறம் நடுவில் சிறு தடுக்கல் தரும். நீலம் தடுக்கலோடு சொடுக்கொலியும் தரும். செரியின் வழமையான சுவிட்ச் 4 மில்லிமீற்றர் இறங்கும். 2 மில்லிமீற்றரில் எழுத்து விழும், நீலத்தில் 2.2. மற்றக் கம்பனிகளும் பொதுவாக இந்த நிறங்களையே பின்பற்றினாலும் அழுத்தம் சற்று வேறுபடும். ஒரே இனம் கிடைக்கவில்லையென்று பலகையை ஒதுக்க வேண்டியதில்லை. ஸ்குரோல் லொக், போஸ் போன்ற யாரும் தொடாத விசையின் சுவிட்சைக் கழற்றி, கெட்ட விசையின் இடத்தில் போடுங்கள். வேறு இனப் புதுச் சுவிட்சை ஸ்குரோல் லொக்குக்குப் போடுங்கள். விரலுக்கு வித்தியாசமே தெரியாது. உண்மையில் அவசரத்துக்கு ஒரு சுவிட்சும் வாங்காமலே இந்த வழியால் வேலையை நடத்தலாம். யாரும் தொடாத விசைகளின் இந்தப் பயனைச் சொன்னால் பலர் வியப்படைகிறார்கள்.

ஹொட்ஸ்வொப் மாற்றுவது சில நிமிட வேலை. கேபிளைக் கழற்றுங்கள். கம்பி இழுப்பானால் விசைமூடியை நேரே மேலே இழுங்கள். சுவிட்ச் இழுப்பானின் இரண்டு பற்களையும் சுவிட்சின் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும், அதாவது எண் வரிசையை நோக்கிய பக்கத்திலும் ஸ்பேஸ் பாரை நோக்கிய பக்கத்திலும் வைத்து, அங்குள்ள கொக்கிகளை அமுக்கியபடி நேரே தூக்குங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் சொக்கெட்டின் ஈயப் பிடிப்பு வெடிக்கும். புதிய சுவிட்சின் இரண்டு செப்புக் கால்களும் நேராக, ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள். வளைந்திருந்தால் இடுக்கியால் நேராக்குங்கள். பிறகு துளைகளுக்கு நேரே வைத்து, இரண்டு பெருவிரலாலும் சமமாக அழுத்த, சொடுக்கென்று உட்காரும். முடிந்தால் பின்மூடியைத் திறந்து சொக்கெட்டின் கீழே ஒரு விரலை அணைகொடுத்து அழுத்துவது சிறந்தது.

புதிய சுவிட்ச் போட்டும் எழுத்து விழாவிட்டால் சுவிட்சைக் குறைசொல்லாதீர்கள். பெரும்பாலும் ஒரு கால் துளைக்குள் போகாமல் சுவிட்சின் அடியில் மடிந்து படுத்திருக்கும். மேலிருந்து பார்க்க ஒழுங்காக உட்கார்ந்ததுபோலத் தெரியும். கழற்றி நேராக்கிப் போடுங்கள். அதே கால் இரண்டு மூன்று தடவைக்கு மேல் மடிந்தால் முறிந்துவிடும். கால் நேராக இருந்தும் வேலைசெய்யாவிட்டால் சொக்கெட் பலகையிலிருந்து சற்றே தூக்கியிருக்கும். பின்பக்கத்தில் அதன் இரண்டு முனைகளுக்கும் திரும்ப ஈயம் பிடிக்க வேண்டும்.

ஈயம் வைத்த பலகைக்குத்தான் பொறுமை தேவை. தேவையான சாமான்கள்: வெப்பம் கூட்டிக் குறைக்கக்கூடிய 60 வாற்று சோல்டரிங் அயன், 2 மில்லிமீற்றர் அளவு தட்டை முனை, 0.8 மில்லிமீற்றர் ஈயக் கம்பி (60க்கு 40 கலவை, நடுவில் ரோசின் உள்ளது), ஈயம் உறிஞ்சும் பம்ப், செப்புப் பின்னல் நாடா, ரோசின் ஃபிளக்ஸ் (ஈயம் நன்கு ஒட்ட உதவும் பசை), அற்ககோல், பழைய பற்தூரிகை. வெப்பக் கட்டுப்பாடு இல்லாத மலிவு அயனை நேரே 230 வோல்ற்றில் கொழுவினால் முனையின் சூடு உங்கள் கையில் இருக்காது. செப்புத் திட்டைப் பலகையோடு பிடித்திருக்கும் பசை அந்தச் சூட்டில் விட்டுவிடும். தொடக்கநிலைக்காரர் கெடுத்த பலகைகளில் அதிகம் காண்பது இதைத்தான். இன்னொரு எச்சரிக்கை: இரும்புக்கடையில் தகர வேலைக்கென்று விற்கும் அமிலப் பசையை வாங்கிவிடாதீர்கள். அது ஈயத்தை அருமையாகப் பிடிக்கும். சில மாதத்தில் செப்புத் தடத்தையும் தின்றுவிடும்.

பலகையைத் திறக்கும்போது எல்லாத் திருகாணியையும் தேடுங்கள். ரப்பர்க் காலின் அடியிலும் ஸ்டிக்கரின் அடியிலும் விசைமூடிகளின் நடுவிலும் ஒளிந்திருக்கும். ஒன்று மிச்சமிருக்க நெம்பினால் கூடு வெடிக்கும். யூஎஸ்பி துளை சிறு தனிப்பலகையில் இருந்தால் அதன் கம்பி நீளம் குறைவு. மூடியைத் திடீரென இழுக்க வேண்டாம். திருப்பிப் போட்டதும் இடது வலது மாறிவிடும் என்பதை மறக்காதீர்கள். அரைப்புள்ளி விசை முன்பக்கத்தில் வலப்புறம் இருந்தால் பின்பக்கத்தில் இடப்புறம். இதைக் கவனியாமல் நல்ல சுவிட்சின் ஈயத்தை எடுப்பவர்கள் பலர். மேலே சொன்ன இடுக்கிச் சோதனையைச் செய்யும்போதே சரியான இரண்டு புள்ளிகளையும் மார்க்கரால் வட்டமிட்டுவிட்டால் குழப்பமே இல்லை.

சில பழைய பலகைகளில் சுவிட்சுக்குள்ளால் ஒரு எல்ஈடியின் இரண்டு கால்களும் இறங்கி வரும். அப்படியானால் எடுக்க வேண்டிய புள்ளி நான்கு. எல்ஈடியின் நேர், எதிர்ப் பக்கங்களைக் கழற்றுமுன்பே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; மாற்றிப் போட்டால் விளக்கு எரியாது. எல்ஈடி பலகையின் மேலேயே ஒட்டியிருந்தால் அதைத் தொட வேண்டியதில்லை. சுவிட்சின் அடிப்பகுதியில் அதற்கு இடைவெளி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேபிளைக் கழற்றிவிட்டு அயனை 340 பாகை செல்சியசில் வையுங்கள். ஈயமில்லாக் கலவை பாவித்த பலகை என்றால் 370 வரை போகலாம். பழைய புள்ளியில் முதலில் புதிய ஈயம் சிறிது சேருங்கள். எடுக்க வேண்டிய இடத்தில் மேலும் சேர்ப்பதா என்று தோன்றும். ஆனால் காரணம் உண்டு. பழைய ஈயத்தின் மேல் ஒட்சைட்டுப் படிந்து சூடு உள்ளே போகாது. புதிய ஈயத்தோடு வரும் ரோசின் அதைக் கரைத்து, சூட்டைத் துளையின் அடிவரை கொண்டுபோகிறது. ஈயமில்லாக் கலவை உருக 217 பாகையாவது வேண்டும். 60க்கு 40 கலவை 183 பாகையிலேயே உருகத் தொடங்கும். இரண்டும் கலக்க, உருகும் வெப்பம் இறங்கிவிடும்.

பம்ப்பின் பிஸ்டனை அழுத்திப் பூட்டி வைத்துக்கொள்ளுங்கள். அயன் முனையைக் காலும் செப்புத் திட்டும் இரண்டிலும் படும்படி வைத்து, ஈயம் முழுக்க நீர்போல் ஆனதும், அயனை எடுக்காமலே பம்ப்பின் வாயைச் சாய்வாக ஒட்ட வைத்து விடுங்கள். அயனை எடுத்துவிட்டுப் பம்ப்பைக் கொண்டுவந்தால் அந்த அரைச் செக்கனில் ஈயம் உறைந்துவிடும். ஒரு தடவையில் மூன்று செக்கனுக்கு மேல் சூடு கொடுக்க வேண்டாம். போதாவிட்டால் பத்துப் பதினைந்து செக்கன் ஆறவிட்டு, மறுபடி ஈயம் சேர்த்துத் தொடங்குங்கள். கடைசியில் மேற்பரப்பில் மிஞ்சியதைச் செப்புப் பின்னல் நாடாவால் எடுக்கலாம். நாடாவைத் திட்டின் மேல் வைத்து அதன் மேல் அயனை வைக்க வேண்டும். உரசி இழுத்தால் திட்டு கூடவே வரும்.

முடிந்ததா என்பதை அறிய, ஆறிய பிறகு காலை இடுக்கியால் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். துளைக்குள் தாராளமாக அசைந்தால் விடுபட்டது. ஒரு பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தால், அந்த இடத்தைச் சூடாக்கி நடுவுக்குத் தள்ளுங்கள். இரண்டு கால்களும் அசைந்த பிறகே முன்பக்கக் கொக்கிகளை அமுக்கிச் சுவிட்சைத் தூக்க வேண்டும். இலேசான இழுவைக்கு வராவிட்டால் உள்ளே ஈயம் மிச்சம் இருக்கிறது என்றே பொருள். பலத்தைக் கூட்டாமல் அயனுக்குத் திரும்புங்கள். இரண்டு பக்கமும் செப்புள்ள பலகையில் துளையின் உட்சுவரிலும் செப்புக் குழாய் ஒன்று இருக்கும். பலமாக இழுத்தால் காலோடு அந்தக் குழாயும் உருவிக்கொண்டு வந்துவிடும்.

வந்தேவிட்டதா? பலகை இன்னும் சாகவில்லை. அந்தக் கால் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதைப் பல்மானியால் கண்டுபிடியுங்கள். ஒரு கால் தன் டயோட்டுக்கும், மற்றக் கால் அதே நிரலிலுள்ள அல்லது அதே வரிசையிலுள்ள அயல் சுவிட்சின் காலுக்கும் போகும். உறையிட்ட மெல்லிய கம்பி ஒன்றால், புதிய சுவிட்சைப் போட்ட பிறகு, காலிலிருந்து அந்த இடத்துக்குப் பாலம் போட்டுவிடலாம். பின்மூடிக்குள் மறைந்துவிடும், ஆண்டுக்கணக்கில் வேலைசெய்யும்.

புதிய சுவிட்சைப் போடும்போது துளை இரண்டும் மறுபக்கம் தெரியத் திறந்திருக்க வேண்டும். சுவிட்ச் தகட்டோடு நான்கு பக்கமும் சமமாக உட்கார்ந்து, இரண்டு காலும் பின்னால் எட்டிப் பார்ப்பதை உறுதிசெய்த பிறகே ஈயம் வையுங்கள். கோணலாக வைத்து ஈயம் பிடித்தால் விசைமூடி பக்கத்து மூடியில் உரசும். திரும்ப முழு வேலையும் செய்ய வேண்டும். காலையும் திட்டையும் ஒரு செக்கன் சூடாக்கி, கம்பியை அயன் முனையில் வைக்காமல் எதிர்ப்பக்கமாகக் காலில் தொட வையுங்கள். 0.8 மில்லிமீற்றர் கம்பியில் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் உருகினால் ஒரு புள்ளிக்குப் போதும். நல்ல பிடிப்பு காலைச் சுற்றிச் சிறு கூம்புபோல ஏறி நிற்கும். உருண்டையாகத் திரண்டு நின்றால் திட்டில் ஒட்டவில்லை. கொஞ்சம் ஃபிளக்ஸ் பூசித் திரும்பச் சூடாக்குங்கள். பின் அற்ககோலும் பற்தூரிகையும் கொண்டு கரியைச் சுத்தம் செய்து, கூட்டை மூடுமுன்பே கேபிளை இணைத்து எல்லா விசைகளையும் ஒவ்வொன்றாக அடித்துச் சோதிக்க வேண்டும். எல்லாத் திருகாணியையும் பூட்டிய பிறகு சோதிப்பவர்கள் இரண்டு தடவை வேலை செய்கிறார்கள்.

யன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். ரோசின் புகை மூச்சுக்கு ஆகாது. ஈயம் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் எதையும் உண்ண வேண்டாம். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சிந்திய ஈயத் துணுக்குகளை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

ஸ்பேஸ் பார், என்ரர், ஷிப்ட், பக்ஸ்பேஸ் ஆகிய நீண்ட விசைகளின் மூடியை இரு பக்கமும் ஸ்டெபிலைசர் கம்பி தாங்கும். மேலே வராமல் சிக்குவது பல வேளை சுவிட்சின் குறையன்று. கம்பி ஒரு பக்கம் கழன்றிருக்கும். மூடியைக் கழற்றிச் சுவிட்சின் தண்டை மட்டும் அழுத்திப் பாருங்கள். தண்டு ஒழுங்காக எழும்பினால் கம்பியைச் சரிசெய்தால் போதும்.

இத்தனையும் வீட்டு மேசையில் செய்யக்கூடியவை. ஆனால் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் ஏறி இறங்கி, ஒரு சுவிட்ச் வேண்டும் என்று கேட்பவரிடம் முழுத் தொகுதியாக வாங்குங்கள் என்று சொன்னால், அவர் புதிய பலகையைத்தான் வாங்குவார். உங்கள் பத்திரிகை மூலம் கடைக்காரர்களிடம் மூன்று வேண்டுகோள். சிவப்பு, மண்ணிறம், நீலம் ஆகிய மூன்று இனத்திலாவது மூன்று கால் சுவிட்சுகளை ஒன்றிரண்டாக விற்கச் சிறு பெட்டி வைத்திருங்கள். விற்கும் பலகையின் பற்றுச்சீட்டிலேயே ஹொட்ஸ்வொப்பா ஈயம் வைத்ததா, எந்தச் சுவிட்ச், எத்தனை கால் என்று எழுதிக் கொடுங்கள். பழுதென்று திரும்பி வரும் பலகைகளைக் குப்பைக்கு அனுப்பாமல் அவற்றின் நல்ல சுவிட்சுகளைக் கழற்றி விற்கலாம். ஒரு பலகையிலிருந்து நூறு சுவிட்சுக்குக் குறையாமல் கிடைக்கும். மிஞ்சும் பலகையை மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிபெற்ற இலத்திரனியல் கழிவுச் சேகரிப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறோம். சாதாரண தரத்தில் மின், இலத்திரனியல் தொழினுட்பம் படிக்கும் மாணவர் ஈயம் வைத்துப் பழகப் புதிய சாமான் தேடி அலைகிறார்கள். இப்படி ஒதுக்கிய பலகை ஒன்றைக் கொடுத்தால் இருநூறுக்கு மேற்பட்ட ஈயப் புள்ளிகளில் அவர்கள் எடுத்தும் வைத்தும் பழகலாம், கெட்டாலும் நட்டமில்லை. பலகைகளை இலவசமாகத் தரக்கூடிய அச்சகங்களும் தட்டச்சு நிலையங்களும் தங்கள் அயலிலுள்ள பாடசாலையின் தொழினுட்ப ஆசிரியரை நேரே தொடர்புகொள்ளலாம்.

இங்ஙனம்,
விசைப்பலகை திருத்துநர்கள் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.